தோலில் தெரியும் முன்

அக்காவின் ரத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் பல தடவை வந்திருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஊர்லேருந்து பலகாரமாம்மா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதை ஐஸில் வைக்காமல் கொண்டுபோகிறேனே என்று அக்கா வீட்டுக்காரருக்குப் பெரிய கவலை. "வெயில்ல கெட்டுப் போயிடாதா பாப்பா?" என்பார். எங்களுக்கு வேண்டியது உயிரோடு இருக்கும் செல்கள், ஐஸில் வைத்தால்தான் கெடும் மாமா என்று விளக்கினேன். அடுத்த தடவையும் ஐஸ் பாக்கெட்டோடுதான் பஸ் ஸ்டாண்டில் நின்றார்.

அக்காவுக்கு வந்தது பெம்பிகஸ் என்ற நோய். உடம்பெங்கும் கொப்புளம் வந்து உடையும், தோல் உரியும். அவளுக்கு முதலில் வாய்க்குள்தான் வந்தது. உப்பும் காரமும் நாக்கில் பட முடியாமல், ஆறவைத்த மோர்ச்சோற்றைக் கண்ணீரோடு விழுங்குவாள். அவள் இருக்கும் அரும்பாவூரில் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாகச் சிமெண்ட் தூசி என்றார்கள். மாமா அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். அவர் சட்டையைத் துவைத்துத்தான் இவளுக்கு இப்படி ஆயிற்றாம். அன்றிலிருந்து அந்த மனிதர் வேலை முடிந்து நேராக வீட்டுக்குள் வந்ததில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் யூனிஃபார்மைக் கழற்றி, தானே அலசிப் போட்டு, குளித்துவிட்டுத்தான் படியேறுவார். தூசி இல்லை என்று டாக்டர் சொல்லியும் நான் கத்தியும் அவர் காதில் ஏறவில்லை.

அவளை வாட்டியது வெளியிலிருந்து வந்த எதுவும் இல்லை. கிருமியை எதிர்க்க ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் எல்லோர் உடம்பிலும் உண்டு. அக்காவின் உடம்பில் அவற்றில் சில, தோலை ஒட்டிப் பிடித்திருக்கும் புரதத்தையே எதிரி என்று முடிவுகட்டிவிட்டன. கொடுமை என்னவென்றால், சென்னை ஆய்வகத்தில் எனக்குச் சோறு போடுவதே இந்தச் செல்கள்தான். அவளுக்கு நோய் வருவதற்கு முன்பிருந்தே நான் அவற்றைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேலை ஒன்றும் மாயம் இல்லை. ரத்தத்தை ஒரு தெளிந்த திரவத்தின் மேல் பதமாக ஊற்றிச் சுழற்றினால் சிவப்பு அடியில் போய்விடும், மேலே மஞ்சள் நீர் நிற்கும், நடுவில் பாலாடை போல மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். எங்கள் செல்கள் அந்த வளையத்தில் இருக்கின்றன. அதை உறிஞ்சியெடுத்து, சில நாள் ஊட்டம் கொடுத்துத் தூண்டிவிட்டு, சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளேட்டில் விடுவோம். குழியின் அடியில் அந்தத் தோல் புரதத்தை முன்பே பூசியிருப்போம். அதற்கு எதிரான ஆன்டிபாடியைச் சுரக்கும் செல் எங்கே உட்காருகிறதோ, அதன் காலடியிலேயே அந்த ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ளும். பிறகு செல்களைக் கழுவிவிட்டுச் சாயம் ஏற்றினால், ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி வரும். அவை உட்கார்ந்திருக்கும்போது பிளேட்டை ஆட்டவே கூடாது, புள்ளி கலைந்துவிடும். பிளேட்டை வெதுவெதுப்பில் வைத்திருக்கும் இன்குபேட்டர் கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால் நான் போடும் சத்தத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள்.

எங்கள் ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுக்க அக்கா தானாகத்தான் முன்வந்தாள். இதற்கு ரிப்போர்ட் கிடையாது, இதனால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை என்று தெளிவாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஊசி ஏறும்போது என் காதில் சொன்னாள்: "இன்னுங் கொஞ்சம் எடுத்துக்கச் சொல்லுடி. அந்தக் கெட்டதெல்லாம் வெளிய போவட்டும்."

"எடுக்கறது பாக்கறதுக்குத்தாங்க்கா. அது போவாது."

"பாத்துட்டு வுட்டுடுவியா? கண்ணால கண்டா அடிக்க மாட்டியா?"

அடிப்பது என் வேலை இல்லை, எண்ணுவதுதான் என்று எந்த வாயால் சொல்வது?

அடித்தது திருச்சியில் தோல் டாக்டர் ஏற்றிய மருந்து. அந்தச் செல்களை நல்லது கெட்டது பார்க்காமல் அழிக்கும் மருந்து அது. கொப்புளம் அடங்கியது, ஆனால் எதிர்ப்பு சக்தி போய் நிமோனியா வந்து, ஐசியூவுக்குப் போய்த்தான் திரும்பினாள். அதன் பிறகு கொண்டுவந்த ரத்தத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. வெறும் குழியைப் பார்த்து அழுத ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்த வருஷம் புள்ளிகள் திரும்பி வந்தன. குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். மடியில் வைத்துத் தூக்கி வந்தவளுக்குப் பெயர் எதற்கு? என் கை தவறாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மீதிச் செல்களில் மறுபடி செய்தேன். கை சரியாகத்தான் இருந்தது. அக்காவின் தோலில் அப்போது ஒரு கீறல்கூட இல்லை.

இது இன்னும் நிரூபணமாகாத சோதனை, நோயாளியிடம் சொல்லக்கூடாது என்றார் எங்கள் ஆய்வகத் தலைவர். திருச்சி டாக்டரிடம் மட்டும் பேசிக்கொள்ள விட்டார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"உங்க பிளேட்டுக்கு நான் மருந்து ஏத்த முடியாதும்மா. போன தடவையே அவங்க பொழச்சது பெரிசு. ஏதாவது தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் ஆத்திரம். வருவது தெரிகிறது, வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டும்.

லீவு போட்டு அரும்பாவூர் போனேன். காட்டில் வெங்காயம் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் அக்கா வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தோல் பளபளவென்று இருந்தது. "வாடி, எலும்பும் தோலுமா ஆயிட்ட, அந்த ஊர்ல சோறே கெடைக்கலயா?" என்று சிரித்தாள். மத்தியானம் தூக்குவாளியிலிருந்து கம்பங்கூழை ஊற்றினாள். பக்கத்துக் குவியலிலிருந்து நாலைந்து சின்ன வெங்காயத்தை உரித்து எனக்கும் தனக்குமாக வைத்தாள். இத்தனை காலத்துக்குப் பிறகு அவள் பச்சை வெங்காயம் கடிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஒன்றைக் கடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இந்த வருச வெங்காயம் என்னாடி இப்புடிக் காரம்? நாக்கோரமெல்லாம் எரியுது. நீ தின்னு பாரு."

கடித்த மீதியை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கடித்தேன். காரமே இல்லை. இனித்தது.

"ஆமாங்க்கா, காரந்தான்" என்றேன். "மோரு ஊத்திக்க."

அவள் மோர் ஊற்றிக்கொண்டு, என்னவோ கதை சொல்லிக்கொண்டே குடித்தாள். திருச்சிக்குக் கிளம்பலாம் என்று அவளிடம் சொல்லத்தான் வேண்டும். அவள் கூழ் குடித்து முடிக்கும்வரை அதைத் தள்ளிப்போட மட்டும்தான் என்னால் முடிந்தது.