வெயில் காட்டாதே

பட்டறையில் அவளுக்கு நீலக்கை என்றுதான் பெயர். கட்டட வரைபடங்களுக்குக் காமிரா இல்லாமல் நகல் எடுக்கும் பட்டறை அது. இருட்டறையில் மருந்து தடவி உலர்த்திய காகிதத்தின் மேல் வரைபடத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, முற்றத்தில் வெயிலில் வைப்பார்கள். பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகும், கோடு மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். அலசிவிட்டால் அப்புறம் எந்த வெளிச்சமும் அதை ஒன்றும் செய்யாது. அலசுவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷம் அலசியதில் நகக்கண் வரை நீலம் ஏறிவிட்டது. எந்த சோப்புக்கும் அசையவில்லை.

கை நீலம் என்றால் வாய் நெருப்பு. "நகல் மங்கலா இருக்கே" என்று இன்ஜினியர் ஆபீஸ் குமாஸ்தா மூக்கைச் சுளித்தால், "மேகத்துகிட்ட போய் சண்டை போடுங்க. நான் தண்ணிக்கு மட்டும்தான் பொறுப்பு" என்பாள். முதலாளியே அவளிடம் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார்.

புருஷனுக்குக் கிடங்கில் ராத்திரிக் காவல். பகலில் அவன் தூங்க வேண்டும். அதனால் நாலு வயது மகளை அவள் பட்டறைக்கே கூட்டிவந்துவிடுவாள். ஒரு நாள் மத்தியானம், வானம் மூடிக்கொண்டிருந்த நேரம், இருட்டறையில் வெட்டி எறிந்த மருந்துக் காகிதத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றது பிள்ளை.

"எனக்கும் படம் போடும்மா."

"கையை வை. அசைச்சே, உதை விழும்."

சொன்னபடி முற்றத்தில் அதன் மேல் கையை வைத்துச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தது. பாதியில் தூறல் விழுந்துவிட்டது. முற்றத்தில் கிடந்த கண்ணாடிகளைத் தூக்க ஓடும் அவசரத்தில், அந்தத் துண்டை அலசாத தாள் வைக்கும் கறுப்புப் பெட்டியில் போட்டு மூடினாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் பிள்ளை இல்லை.

ஒரு போட்டோகூடக் கிடையாது. முடி வளரட்டும், நல்ல கவுன் ஒன்று எடுக்கட்டும் என்று ஸ்டூடியோவுக்குப் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "வயசு இருக்கு, இன்னொண்ணு பொறக்கும்" என்றாள். "செருப்பு தொலைஞ்சு போச்சுன்னா சொன்னேன்?" என்று இவள் கேட்டதில், வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள்.

வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு, இருட்டறையின் மஞ்சள் பல்பின் கீழ் பெட்டியைத் திறந்தாள். அஞ்சு விரலும் இருந்தன. ஆனால் ரொம்ப மங்கல். வெயில் போதாத அரைவேக்காட்டுத் தாள். இந்த மாதிரித் தாளைத் தண்ணீரில் போட்டால் சிலசமயம் நிற்கும், சிலசமயம் மொத்தமும் கரைந்து வெறுங்காகிதம் மிஞ்சும். எத்தனையோ பார்த்திருக்கிறாள். மறுபடி வெயிலில் வைத்து வேகவிடலாம் என்றால், மேலே வைக்க அந்தக் கை வேண்டும்.

இன்ஜினியர் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் தள்ளுகிறவள், இதற்குப் பயந்தாள். அலசாமலே கறுப்புத்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

"உள்ள பாப்பா கை இருக்கு. அலசினா போயிடும். வெயில் காட்டாதே" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

இரண்டு மாசம் கழித்து ஒரு நாள், விடிந்ததிலிருந்து கொட்டிய மழையில் பட்டறையை மூடிவிட்டார்கள். பத்து மணிக்கே நனைந்துகொண்டு வீடு வந்தாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் கறுப்புத்தாள் விரிந்து கிடந்தது. அந்தத் துண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா பண்ற?"

"ஏன் கத்துற? நீ சொன்ன மாதிரிதான் பாக்குறேன். வெயில் அடிக்கிற அன்னைக்கு நான் தொடறதே இல்ல. மேகம் இருந்தா மட்டும்தான். அதுவும் கொஞ்ச நேரம்."

"எத்தனை நாளா?"

"நீ கொண்டாந்த வாரத்துலேருந்து. நீ வேலைக்குப் போனப்புறம்."

வாயில் வந்த வசவு வாயிலேயே நின்றது. பட்டறையில் எல்லா வெளிச்சத்துக்கும் பெயர் வெயில்தான். அடைமழையிலும் "கதவைச் சாத்து, வெயில் வருது" என்று கத்துவார்கள். வெளியே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இவன் பாவம், சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறான்.

தாளைப் பிடுங்கி முந்தானைக்குள் மறைத்தாள். மறைப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டாள். விரல்களுக்கு நடுவில் வெளிச்சம் பட்ட சாம்பல் நிறம், விரலிலும் அதே சாம்பல் நிறம்.

"கதவைச் சாத்து. ஜன்னலையும் சாத்து. பேசின்ல தண்ணி பிடி."

"அலசப் போறியா? போயிடும்னு சொன்னியே?"

"வச்சிருந்தா மட்டும் என்ன வாழுது? பிடிய்யா."

இருட்டில் தாளைத் தண்ணீருக்குள் இறக்கினாள். மூன்று தண்ணீர் மாற்றினாள். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னாள்.

நீலம் நன்றாகவே ஏறியிருந்தது. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே நீலம். அடியில் மட்டும், உள்ளங்கை அழுந்திய இடமாக இருக்க வேண்டும், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெளுப்பு. முதல் நாளே தைரியமாக அலசியிருந்தால் மங்கலாகவாவது அஞ்சு விரலும் நின்றிருக்கலாம். அது அவளுக்கு இப்போது தெரிந்தது.

அவன் தாளைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"நான் எடுத்து எடுத்துப் பாத்ததாலயா?"

ஊரில் யாரையும் ஒரு சொல் குறைத்துத் திட்டாதவள் அவள். தாளின் மூலையைப் பிடித்து நீர் சொட்ட விட்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணல. உன் பொண்ணு ஒரு இடத்துல கையை வச்சிருந்தாத்தானே? படம் முழுக்கக் கலைச்சுவச்சிருக்கா."

"அவ எங்க சும்மா இருந்தா" என்றான் அவன். சிரிக்கப் போனவன் முகத்தைத் தோள்துண்டால் மூடிக்கொண்டான்.

துண்டுக்குள்ளிருந்தே கேட்டான். "இனிமே வெளிச்சத்துல பாக்கலாமா?"

"பாரு" என்றாள். "எவ்வளவு நேரம் வேணா பாரு."