பீட்ரூட் சோப்பு

கத்திவாக்கத்தில் பேருந்துக்காக நிற்கிறேன். நிறுத்தத்தை ஒட்டிய வீட்டு வாசலில் ஒரு பெண், தேவாலயத்தில் மகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தானே செய்த சோப்புகளைத் தட்டில் அடுக்குகிறாள். ரோஜா நிறம் வேண்டிப் பீட்ரூட் சாறு ஊற்றியிருக்கிறாள். சோப்பில் சேர்க்கும் காஸ்டிக் காரம் பட்டுச் சோப்பெல்லாம் பழுப்பாகிவிட்டது.

“செம்மண்ணு போடுன்னேன், கேட்டியாமே? கருவாடு கலர்ல கீது,” என்கிறார் கிரீஸ் கையோடு நிற்கும் அவள் கணவர்.

“சும்மா கெட!” அவள் என் பக்கம் திரும்புகிறாள். “நீயே சொல்லுண்ணா, இத்த நாலு பேருக்குக் குடுக்கலாமா?”

நான் தட்டருகே போகிறேன். ஒன்றை எடுத்துக் குழாயடியில் கை கழுவுகிறேன். வெள்ளை நுரை பொங்குகிறது. கணவரும் அதை வாங்கி, கிரீஸ் போகத் தேய்க்கிறார்.

“குடுக்கலாம்மே,” என்கிறார் மெதுவாக.

என் பேருந்து போய்விடுகிறது. நானும் அவள் கணவரும் கையை முகர்ந்துகொண்டு நிற்கிறோம்.