எருமைகளுக்கு வழி வைக்காத வேலி

பெரும்போக விதைப்புக்கு முன் எங்கள் பக்கத்தில் கன்னக் கூட்டம் நடக்கும். குளத்துக் கதவை எப்போது திறப்பது, மாடுகளை எந்த நாளுக்குள் வயலைவிட்டு வெளியேற்றுவது என்று அதிகாரிகளும் விவசாயிகளும் கூடித் தீர்மானிப்பார்கள். அந்த நாளிலிருந்து வயலில் இறங்கும் மாட்டை வயல்காரர் பிடித்துக் கட்டலாம். எங்களுக்கு அதனால் ஒருநாளும் தொல்லை வந்ததில்லை. குளத்தை ஒட்டிய பற்றைக்காட்டுக்கு என் கணவர் எருமைகளை ஓட்டிப் போவார். அறுவடை முடிந்தபின் திரும்புவார். கிண்ணியாவில் நான் உறையவைத்து விற்ற தயிர் அந்தக் காட்டுப் புல்லில் வந்ததுதான்.

போன தடவை கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மாடு வெளியேற்றும் நாளை அறிவித்தார். அதே மூச்சில், பற்றைக்காட்டில் அரசாங்கம் பெரும் பணம் போட்டுச் சூரிய மின்சாரத் தகடுகள் அமைக்கிறது, சுற்றிவர வேலி போட்டாயிற்று, அந்தப் பக்கம் மாடு கொண்டுபோகக் கூடாது என்றார். வந்திருந்த ஆண்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கென்றே கதிரை போட்டுக் கொடுத்த மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப எங்கட மாடு எங்க போற?” என்று எழும்பிக் கேட்டேன்.

“ராத்தா, எண்ணெய்க் கப்பல் வராம நாடு இருண்டு கிடந்தத மறந்திட்டீங்களா? இனி அப்பிடி நடக்க விட ஏலாது.”

ராத்தாவாம். வாய் நிறைய அக்கா முறை மட்டும் கொண்டாடத் தெரிகிறது. நான் எதையும் மறக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சீனக்குடாவில் அத்தனை பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்க, மண்ணெண்ணெய்க்குக் கலனோடு வெயிலில் வரிசையில் நின்றவள் நான். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை. நான் கேட்டது மாட்டைப் பற்றி; அவர் சொன்னது கப்பலைப் பற்றி. அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

வேலி போட்டாலும் மாட்டுக்கு ஒரு வழி விடாமலா இருப்பார்கள் என்றார் என் கணவர். சட்டத்துக்குப் பயந்த மனிதர். குறித்த நாளில் எருமைகளைப் பழைய பாதையில் ஓட்டிப் போனார். பாதை வேலியில் போய் முட்டி நின்றது. காவல்காரன் கதவைத் திறக்கமாட்டேன் என்றான். எருமைக்கு வெயிலில் தண்ணீர் வேண்டும். குளமோ வேலிக்கு அந்தப் பக்கம். நடுப்பகல் வரை பொறுத்த எருமைகள் பிறகு திரும்பி ஓடி, தண்ணீர் பாய்ந்து கிடந்த வயலில் இறங்கி, முந்தியே விதைத்து முளைத்திருந்த நெல்லின் மேல் படுத்துப் புரண்டன. அது என் கணவரின் சொந்த மச்சானின் வயல். அவர் அத்தனையையும் பிடித்துக் கட்டினார். கூட்டத்தில் எடுத்த முடிவுதானே என்றார். அந்த முகத்தில் காறித் துப்பலாம்போல் இருந்தது. ஆனால் அவரும் அந்த நெல்லை நம்பித்தான் சாப்பிடுகிறார் என்பதும் தெரிந்ததால் துப்பவில்லை.

தண்டம் கட்டி மீட்ட எருமைகளை வைத்திருக்க எங்களுக்கு இடமில்லை. வீட்டு வளவில் கட்டிப்போட்டுக் குழை ஒடித்துப் போட அவை ஆடுகளா? இறைச்சிக்காரரின் லொறி வந்தபோது என் கணவர் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். நான்தான் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தேன்.

தகடுகளின் திறப்புவிழா நெருங்கியபோது அதே அதிகாரி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்களாம். விருந்துக்கு நல்ல எருமைத் தயிர் வேண்டுமாம். ஊரில் என் தயிரைத்தான் எல்லோரும் சொன்னார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னார். மனிதருக்கு உண்மையிலேயே ஒன்றும் விளங்கவில்லை.

அவரை வளவுக்குப் பின்னால் கூட்டிப்போய் வெறும் எருமைப் பட்டியைக் காட்டினேன். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த சட்டிகள் அடுக்கியபடியே கிடந்தன. பார்த்தார். முகம் மாறியது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, வெருகல் பக்கம் போனால் எருமைத் தயிர் எடுக்கலாமா என்று கேட்டார்.

“ஓம், எடுக்கலாம்” என்றேன். “அங்க இன்னும் வேலி போடல்ல. கெதியாப் போங்க.”