பத்தொன்பது நாள் விருந்தாளி

சத்தியம் செய்து உங்களை நம்ப வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரிக்கிறவன். பொய்க் காய்ச்சல், பொய் விபத்து, ஒருமுறை பொய்ச் சாவு கூடப் பிடித்திருக்கிறேன். யார் கதை விட்டாலும் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். அப்படிப்பட்ட எனக்கு இந்த டிசம்பரில் நடந்தது இது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மனைவிக்கு உடம்பு தேறிக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்க் குளிர் அவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால், தெற்கே ஐந்து நாள் போய் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் பேர் போன ஊர். தேர்ந்தெடுத்தது அவள்தான். அதுவரை இரண்டு பேருமே அங்கே போனதில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை 5.50. ரிசப்ஷனில் இருந்த பெண் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாவியை நேராக என் மனைவியிடம் நீட்டி, "அதே ரூம்தாம்மா" என்றாள். வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள் போல, என்று இவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

6.40க்குச் சாப்பிடக் கீழே இறங்கினோம். காதில் பென்சில் செருகிய வயதான சர்வர் எங்களை மூலை மேஜைக்கு அழைத்துப் போனார். இவள் கேட்காமலே சூப் வந்தது. மிளகு தூவாமல். இவளுக்கு மிளகு ஆகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

7.10. மேடையில் வயலின்காரர் வில்லை எடுத்தார். எங்கள் மேஜையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஒரு மெட்டு வாசித்தார். இவள் விரல்கள் மேஜையில் தாளம் போட்டன. ஒரு இடம்கூடத் தப்பவில்லை. இது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். இப்போதுதான் கேட்கிறேன் என்றாள்.

எனக்குள் இருந்த விசாரணைக்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நான் வெளியூர் போன நாட்களில் இவள் எங்கே இருந்தாள்? யாரோடு இங்கே வந்தாள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்து வருஷம் கூட வாழ்ந்தவளை நான் திருடியைப் போல வேவு பார்த்தேன். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"நீ இங்க யார் கூட வந்தே?"

அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மாலை, 7.25. தனியாகக் கீழே போய் சர்வரை ஓரமாக அழைத்து இவளைப் பற்றிக் கேட்டேன். அம்மா போன டிசம்பரில் வந்தார்களாம். தனியாகத்தான். பத்தொன்பது நாள். தினமும் அதே மேஜை. எதிர் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லையாம்.

"யாருக்காகன்னு கேட்டீங்களா?"

"வீட்டுக்காரர் வருவார்னாங்க. நீங்க வர இவ்வளவு நாளாயிடுச்சு சார்."

தேதி கேட்டேன். சொன்னார்.



அந்தப் பத்தொன்பது நாளும் என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள்... நினைவே இல்லாமல். மூக்கில் குழாயோடு. நான் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை.

மேலே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. மறுநாள் காலை 6 மணிக்கே ரூமைக் காலி செய்தோம். வாடகைக் காரில் வழி முழுக்க அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்தப் பாரம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஊர் திரும்பி மூன்றாம் நாள். மாலை 7.10. போன் அடித்தது. அந்த சர்வர். ரிஜிஸ்டரைப் பார்த்து நம்பர் எடுத்தாராம். பின்னால் வயலின் கேட்டது...

"தப்பா நினைக்காதீங்க சார். நீங்க பாட்டுக்குத் தனியா கார் ஏறிப் போயிட்டீங்க. அம்மா இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. மூணு நாளா அழுதுட்டே இருக்காங்க. எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்க?"



சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"யாருங்க போன்ல?"

"ராங் நம்பர்" என்றேன்.