மருந்தடித்த மூக்கு

தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிடுகிறேன். வெதுவெதுப்பானதும் உப்பு கலந்து, கழுவிக் காயவைத்த போத்தலில் ஊற்ற வேண்டும். தொட்டி முன் குனிந்து, வாயைத் திறந்துகொண்டு ஒரு மூக்கில் விட்டால் மறு மூக்கில் வழிகிறது. இந்த வயசில் இப்படி ஒரு படிப்பு.

சொல்லிக்கொடுத்தது புக்கிட் செந்தோசா கிளினிக் மிஸ்ஸி, நர்ஸைத்தான் அப்படிச் சொல்வோம்.

"பைப்புத் தண்ணிய அப்படியே விடாதீங்க ஆன்ட்டி. கிருமி உள்ள போயிடும். கொதிக்க வச்ச தண்ணிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். வரிசையில் ஆள் நின்றது. உங்களிடம் சொல்கிறேன்.

கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தேன். முதுகில் பம்பு, மூக்கில் பழைய துண்டு. புல்லைக் கருக்குகிற விஷம் அது. ஆனால் தோட்டத்தில் எல்லாருக்கும் அது மருந்துதான். மருந்துக்கு யார் பயப்படுவார்? டின்னில் மண்டையோடு படம் இருந்தது. "மண்டோரு படத்தப் போட்டுட்டானுங்கடி" என்று எங்கள் கங்காணியைச் சொல்வாள் கூட வேலை செய்த சரசு.

ஒருநாள் எனக்கு மூக்கில் ரத்தம் வந்தது.

"என்னடி, செவப்புக்கல்லு மூக்குத்தியா? புருஷன் வாங்கிக் குடுத்தானா?" என்றாள் சரசு.

மண்டோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மருந்துதானே, ஒண்ணும் செய்யாது. கழுவிட்டு வா லா."

கழுவினேன். பாரிட் என்போமே, அந்த வாய்க்காலில். பம்பு கழுவியதும் அதே தண்ணீரில்தான். கையில் அள்ளி, மூக்கில் உறிஞ்சி, சீறினேன். எரிந்தது. எரிந்தால் சுத்தமாகிறது என்று நினைத்தோம். அப்புறம் தினமும் வேலை முடிந்தால் எல்லாரும் அப்படித்தான் கழுவினோம்.

வாசம் எப்போது போனது, தெரியாது. அடுப்பில் நெத்திலி கருகி, பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தபோதுதான் தெரிந்தது.

"இப்படிக் கழுவினா வாசம் திரும்புமா?" என்று மிஸ்ஸியைக் கேட்டேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "சளி குறையும் ஆன்ட்டி" என்றாள்.

தோட்டம் இப்போது வீடமைப்பு. பாரிட்டை மூடிவிட்டார்கள். சரசு இல்லை. என் வீட்டுக்காரரும் போன வருஷம் செத்தார். அவர் கடைசியாகப் போட்ட சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தேன். மகள் அதை முகர்ந்து அழுதாள். "அப்பா வாசம் அப்படியே இருக்கும்மா."

நானும் வாங்கி முகத்தில் அழுத்தினேன். வெறும் துணி.