திறக்காத தீப்பெட்டி

அந்தக் காலத்தில் தீப்பெட்டியில்தான் கொண்டுவருவார்கள். மூடி போட்ட புட்டி கொடுத்தனுப்பினால் அதில் வீட்டில் சீரகம் போட்டு வைத்துக்கொண்டு, மலத்தைத் தீப்பெட்டியில் அடைத்து, செய்தித்தாளில் சுற்றி, திருட்டுச் சாமான் மாதிரி நீட்டுவார்கள். ஹைதராபாத்தில் ஓர் அரசுத் தொழிற்சாலையின் மருந்தகத்தில் பரிசோதனைக்கூடம், அதாவது லேப், என் பொறுப்பில் இருந்தது; எல்லோருக்கும் நான் 'லேபம்மா'. காலரா, டைபாய்டு, சீதபேதி என்று எந்தக் கிருமியையும் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பெயர் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொள்ளைத் திமிர். அந்தத் திமிர் பிடித்த கையால்தான் ஆயாம்மாவின் தீப்பெட்டியை வாங்கினேன்.

பெண் தொழிலாளர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் அவர் ஆயா. செகந்திராபாத்தில் எங்கள் சர்ச்சுக்காரர், புருஷன் இல்லை, ஒரே மகள். ஏழு வருஷம் தினக்கூலியாக இருந்தவருக்கு அப்போதுதான் நிரந்தர வேலை வரப்போகிறது. உடம்பில் நோய் இல்லை என்று மருந்தகம் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. மற்றவர்களாக இருந்தால் அந்த நேரத்தில் வயிற்றுக்கோளாறு பற்றி மூச்சுவிட மாட்டார்கள். இந்த மனுஷி தானாக வந்து சொன்னார். "வயித்தால போவுது லேபம்மா, சளியும் ரத்தமுமா. புள்ளைங்களுக்குக் கழுவிவிடுற கை இது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, வேணும்னா லீவு போட்டுடறேன்."

நான் பார்க்கவில்லை. கிருமி வளர இரண்டு நாளாகும், கோப்பு அன்று மாலையே மேலே போக வேண்டும். வேலை நிரந்தரமாகப் போகிறவர்களுக்குப் பார்க்காமலே 'கிருமி இல்லை' என்று எழுதிக் கொடுப்பது எங்கள் இடத்தில் வழக்கம், அதைப் புண்ணியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். "நக்கோ, வேணாம் ஆயாம்மா, இதையெல்லாம் இப்ப வெளிய சொல்லாதீங்க. மொதல்ல ஆர்டர் வரட்டும்" என்று அவருக்கும் அப்படியே எழுதி, நாலு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெட்டியைத் திறக்காமலே குப்பையில் போட்டுவிட்டு, ஹப்சிகுடா பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

ஒரு வாரம் கழித்துக் காப்பகத்தில் மூன்று குழந்தைகளுக்கு ரத்தபேதி. சீதபேதிக் கிருமி பரவ நகக்கண்ணில் ஒட்டிய அழுக்கு போதும், அது எனக்குத் தெரியாதா என்ன? ஈயப் பற்றுவைக்கும் சால்டரிங் பிரிவில் வேலை செய்தவளின் பதினொரு மாதப் பெண்குழந்தை மூன்றாம் நாள் செத்துப்போனது. கண்கள் குழிக்குள் போய், அழக்கூடத் தண்ணீரில்லாமல் போயிருந்தது. அதன் மலத்தைத் தட்டில் வளர்த்தது நான்தான். நிறமில்லாத சின்னச் சின்னப் புள்ளிகளாக ஷிகெல்லா என்கிற சீதபேதிக் கிருமி வளர்ந்து நின்றது. ஆயாம்மாவிடம் புதிதாக மாதிரி எடுத்தார்கள், அதிலும் அதே கிருமி.

விசாரணையில் அதிகாரி என் பழைய சான்றைத் தூக்கிக் காட்டி, அன்றைக்கு இல்லாதது இன்றைக்கு எப்படி வந்தது என்று கேட்டார். ஆயாம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார், தான் கொடுத்ததையும் நான் சொன்னதையும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போய்விடும், ஜெயிலுக்குக்கூடப் போவேன் என்று தோன்றியது. நாக்கு தானாகப் புரண்டது. "வேற யாரோடதையோ குடுத்து என்னை ஏமாத்தியிருக்காங்க சார். தீப்பெட்டியில பேரா எழுதியிருக்கு?"

யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை அது. ஆனால் எல்லோரும் உடனே நம்பினார்கள். படித்தவள் சொல்வதா, ஆயா சொல்வதா? பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட் வாசலில் ஆயாம்மாவின் முகத்தில் காறித் துப்பினாள். அவர் முந்தானையால் துடைத்துக்கொண்டு, நேரே என் அறைக்கு வந்தார். சாபம் விடப்போகிறார் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவில்லை. "வேலை போனாப் போவுது. எம்பொண்ணு கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிடுங்க லேபம்மா. நான் சொன்னா அவ நம்பமாட்டேங்கிறா." சொல்கிறேன் என்று தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். நாளைக்கு, அடுத்த ஞாயிறு, கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று தள்ளினேன். வேலை போன ஆயாம்மா வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்து, அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அந்த மகள் இப்போது நர்ஸ். நான் பென்ஷன் வாங்கும் கிழவி. போன ஈஸ்டர் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "அம்மா ஏன் ஆன்ட்டி அப்படி ஏமாத்தினாங்க? ஒரு குழந்தைய விடவா வேலை பெருசு?"

இத்தனை வருஷம் கழித்து வாய்த்த சந்தர்ப்பம். வாயைத் திறந்தேன். "பாவம்மா, உன்னை வளக்கணுமேன்னுதான் செஞ்சிருப்பாங்க" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒருத்தராவது அம்மாவைத் திட்டாமப் பேசறீங்க ஆன்ட்டி" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.