வெள்ள வாய்க்காலுக்குப் பத்துத் திருவிழா

பிரசாந்தியின் மில்லுக்குள் போய்த் தும்மாமல் திரும்பியவர் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. அரியாலையில், பெரிய வீதியிலிருந்து குளத்தை நோக்கி இறங்குகிற ஒழுங்கை எங்களுடையது. அதில் ஆகப் பள்ளமான இடத்தில், தகரக் கூரையும் பச்சைக் கதவுமாக நிற்பதுதான் அவளுடைய மில். மிளகாய், மல்லி, அரிசி, உளுந்து, எதைக் கொண்டுபோனாலும் திரித்துத் தருவாள். வயது நாற்பத்தொன்று. குரல் மோட்டரையும் மிஞ்சும். நான் தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் முத்திரை குத்தி ஓய்வெடுத்தவள். வரிசையில் நிற்கிற ஆளைப் பார்த்தவுடன் எடைபோட்டுவிடுவேன். இவளைப் போல ஒருத்தியை நான் கண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, இந்தச் செல்வநாயகி அளவுக்கு மிஞ்சிப் புகழ்கிறாள் என்று யாரும் முகத்தைச் சுளிக்கவேண்டாம்.

மாரி என்றால் அவளுக்குப் பயம். கார்த்திகையில் இரண்டு நாள் அடித்துப் பெய்தால் போதும். பெரிய வீதித் தண்ணீரும் எங்கள் வளவுத் தண்ணீரும் சேர்ந்து வந்து அவளுடைய மில்லுக்குள் குந்திவிடும். முன்பு அந்தத் தண்ணீர் வெள்ள வாய்க்கால் வழியே குளத்துக்குப் போனது. வாய்க்காலை நாங்கள்தான் கொன்றோம். ஒருவர் மதிலை ஒரு அடி தள்ளிக் கட்டினார். இன்னொருவர் பழைய வீட்டை இடித்த கல்லையும் மண்ணையும் கொண்டுபோய்க் கொட்டினார். மிச்சத்தைப் பிளாஸ்ரிக் போத்தல்கள் பார்த்துக்கொண்டன. நானும் யோக்கியம் இல்லை. என் வளவில் தறித்த வாழைகள் எத்தனை அங்கே போய்க் கிடந்தன! இரண்டு மாரிக்கு இரண்டு மோட்டர் எரிந்தன. மூன்றாவதைப் பொருத்திய அன்று அவள் என்னிடம் சொன்னாள்:

"அக்கா, இதுவும் போச்சுதெண்டால் நான் மில்லைப் பூட்டவேண்டியதுதான். இன்னொரு மோட்டர் வாங்க என்னாலை ஏலாது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சித்திரை மாதம் எங்கள் ஊர்ச் சங்கக் கட்டடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து றொசாந்தி என்ற பிள்ளை வந்தாள். குருநகர்ப் பிள்ளை, பொறியியல் படித்தவள், மெல்லிய உடம்பு, ஆனால் கதை வெட்டொன்று துண்டிரண்டு. வெளிநாட்டு நிதி ஒன்று இருக்கிறதாம். மழை வெள்ளத்தைக் குறைக்க, புல்லையும் மரத்தையும் மண்ணையும் வைத்துச் செய்கிற வேலைக்குத்தான் அதைக் கொடுப்பார்களாம்.

"தண்ணியைத் துரத்துறதுக்கு இல்லை இந்தக் காசு. போற வழியிலை மண்ணுக்குள்ளை இறக்கிறதுக்கு. வாய்க்காலை அகலமாய்த் திறப்பம். அடியிலை தண்ணி இறங்கிற முருகைக்கல்லுப் போடுவம். கரையிலை அறுகும் வெட்டிவேரும் வைப்பம். இடைக்கிடை தண்ணி குடிக்கிற ஆழக் கிடங்கு வெட்டுவம். மிஞ்சிறது குளத்துக்குப் போகும். உங்கடை கிணறுகளிலை உவரும் குறையும்," என்றாள் றொசாந்தி.

"எவ்வளவு தருவியள்?" என்று கேட்டார் தம்பிராசா. இவர் இளைப்பாறிய பஸ் நடத்துநர். எந்தக் கூட்டத்திலும் முதலில் வாயைத் திறப்பவர்.

"மூண்டிலை ரெண்டு பங்கு நாங்கள் தருவம். மற்றப் பங்கை ஒழுங்கைச் சனம் போடவேணும், ஆவணி முடியிறதுக்கிடையிலை. இன்னொண்டு, சீமெந்து ஒரு கரண்டியும் கூடாது. பூசினியளெண்டால் காசு வராது."

அடுத்த நாளே பிரசாந்தி ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக இறங்கினாள். மேல்மாடி வீடு வைத்திருக்கிற ஆழ்வாப்பிள்ளை, "உது கவுண்மேந்தின்ரை வேலை" என்று படலையைச் சாத்தினார். தம்பிராசா, மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மகன் லண்டனில், அவனைக் கேட்க ஒரு நிமிடம் போதும், மனுசன் ஒரு மாதம் கேட்டார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே கிழமை ஒரு நாளுக்கு ஒரு குடும்பம் உபயம் செய்கிற எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு மூன்றாந் திருவிழாக்காரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டு, நாலாந் திருவிழாக்காரர் நாலு கூட்டம் பிடித்தார்கள்! நாலு கூட்டம்! காது கிழிந்தது.

அந்த மேளச் சத்தத்துக்குள்தான் அவளுக்கு யோசனை வந்திருக்கிறது. மறுநாள் நான் தூள் திரிக்கப் போனபோது மோட்டரை நிற்பாட்டிவிட்டு என் கையைப் பிடித்தாள். கையெல்லாம் மிளகாய், எனக்குக் கண் எரிந்தது. அவளுக்கோ கண் பளபளத்தது.

"அக்கா! வாய்க்காலைப் பத்தாய்ப் பிரிப்பம். ஒவ்வொரு துண்டையும் ஒரு குடும்பத்துக்கு உபயமாய்க் குடுப்பம். பெரிய வீதிப் பக்கம் கொடியேற்றம். என்ரை மில்லடி ஒன்பதாவது, அது தேர். குளத்தடி பத்தாவது, அது தீர்த்தம். எப்பிடி?"

"உனக்கென்ன விசரோ?" என்றேன். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே படுத்திருந்த நாய் எழும்பி ஓடியது.

எங்கள் ஊர்ப் பெண்கள் மில்லுக்குப் போனால் தூள் முடியும்வரை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். விட்டுவிட்டுப் போனால் அடுத்தவளுடைய தூளோடு கலந்துவிடும் என்று அவ்வளவு சந்தேகம். ஆகவே அரை மணித்தியாலத்துக்கு ஒருத்தியும் அசைய மாட்டாள். பிரசாந்திக்கு அது போதும். "தம்பிராசா அண்ணை வீட்டுக்காரர் எட்டாந் திருவிழாவை எடுக்கப்போகினமாம், தெரியுமோ?" என்று ஒருத்தியிடம் சொல்வாள். தம்பிராசா வீட்டாருக்கே அது அப்போது தெரியாது. அந்தச் செய்தி பின்னேரம் அவர்கள் காதுக்குப் போகும். மறுக்க மானம் இடம் கொடாது. இரவு லண்டனில் தொலைபேசி அடிக்கும். நான் உத்தியோக காலத்தில் எத்தனையோ அவசரத் தந்திகள் அனுப்பியிருக்கிறேன். எதுவும் அந்த மில்லின் வேகத்துக்கு ஓடியதில்லை.

தேருக்குத்தான் பெரிய அடிபாடு. நாலு குடும்பம் கேட்டு வந்தார்கள். படலையைச் சாத்திய ஆழ்வாப்பிள்ளை, ரொறன்ரோவில் இருக்கிற மகனைக் கொண்டு முழுப் பங்கையும் ஒரே நாளில் அனுப்பவைத்துத் தேரைப் பிடித்துக்கொண்டார். தன் மதிலையும் ஒரு அடி பின்னால் எடுத்தார். அதைப் பார்த்த மற்றவர்களும் எடுத்தார்கள். நானும் விடுவேனா? ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்ததைப் போட்டு ஐந்தாந் திருவிழாவை எடுத்தேன். ஆவணி முடியப் பதினொரு நாள் இருக்கும்போதே பங்கு நிறைந்துவிட்டது. றொசாந்தி கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, நாங்கள் ஆறு ஊரிலை கேட்டம். ஒரு ஊரிலையும் இப்பிடி வரேல்லை," என்றாள். பிரசாந்தி வெட்கப்பட்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

புரட்டாதியில் வேலை தொடங்கியது. பிரசாந்தியின் புருசன் பிரவீணன் தன்னுடைய லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் கல் ஏற்றினான், குப்பை இறக்கினான். ஒவ்வொரு துண்டிலும் அந்தந்தக் குடும்பம் கதிரை போட்டு இருந்து மேற்பார்வை. எட்டாந் திருவிழாப் புல் பச்சையா, ஏழாந் திருவிழாப் புல் பச்சையா என்று வாக்குவாதம். குளத்தடியில் மூன்றடிச் சேறு போனது. எனக்கு அந்த நாட்களில் வீட்டில் இருக்கப் பிடிக்கவே இல்லை. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஐந்தாந் திருவிழாவுக்குப் போய்விடுவேன்.

ஐப்பசி முதற் கிழமை நிதிக்காரர் வந்து பார்த்து, கடைசித் தவணையை விடுவிப்பதாக ஏற்பாடு. அந்தக் காசு வந்தால்தான் குளத்தடி வாயைத் திறந்து முடிக்கலாம். அதைத் திறக்காவிட்டால் முழு வாய்க்காலும் வந்து மில்லடியில்தான் முட்டும். அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்பு பிரசாந்தி ஒரு கலியாண வீட்டுக்காகச் சாவகச்சேரிக்குப் போனாள். அந்த ஒன்றரை நாளுக்குள் ஆழ்வாப்பிள்ளை நாலு மேசன்மாரைப் பிடித்து, தன் துண்டுக்கு அடியும் கரையும் சீமெந்து பூசி, வெள்ளை மாபிள் பதித்து, கிடங்கையும் மூடி, மேலே கறுத்தக் கல்லில் குடும்பப் பெயரும் வெட்டுவித்துப்போட்டார்! சுற்றிவர மின்குமிழ் வேறு.

திரும்பி வந்த பிரசாந்தி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். தகவல் கேட்டு ஓடிவந்த றொசாந்தியின் முகத்தில் இரத்தம் இல்லை.

"நாளைக்கில்லை, நாளையிண்டைக்கு வருகினம். இதைக் கண்டால் ஒரு சதமும் வராது, அக்கா," என்றாள்.

பிரசாந்தி எழும்பி நேரே ஆழ்வாப்பிள்ளையின் படலையில் போய் நின்றாள். நான் பின்னால்.

"அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்? சீமெந்து கூடாதெண்டு பத்துத்தரம் சொன்னனாங்கள் எல்லே?"

"பிள்ளை, நீர்தானே தேர் எண்டனீர்? எட்டாந் திருவிழாவும் கல்லும் புல்லும், தேரும் கல்லும் புல்லுமோ? என்ரை பெடியன் படத்தைப் பாத்தால் என்ன நினைப்பான்? தேர் எண்டால் தேர் மாதிரி இருக்கவேணும்!"

மனுசன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது, அதுதான் கொடுமை. இவள் மூட்டிய போட்டி இவள் தலையிலேயே வந்து விடிந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. திரும்பி அந்த மாபிளைப் பார்த்தாள். பிறகு, "சரி அண்ணை, நாளைக் காலமை எட்டு மணிக்கு வாய்க்காலடிக்கு வாங்கோ. தம்பிராசா அண்ணையும் வருவார்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

தம்பிராசா வருகிறார் என்றால் ஆழ்வாப்பிள்ளை வராமல் விடுவாரா? ஒழுங்கையே வந்துவிட்டது. பிரவீணன் லான்ட்மாஸ்ரரில் தண்ணீர் பவுசரை இழுத்துக்கொண்டு வந்தான். எட்டாந் துண்டின் இரண்டு தலைப்பையும் மண் மூட்டையால் அடைத்து ஆயிரம் லீற்றர் ஊற்றினார்கள். ஒன்பதாந் துண்டையும் அப்படியே அடைத்து இன்னோர் ஆயிரம். றொசாந்தி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

தம்பிராசாவின் வாய்க்கால் களகளவென்று சத்தம் போட்டுக் குடித்தது. பதினொரு நிமிடத்தில் கல் தெரிந்தது. ஆழ்வாப்பிள்ளையின் மாபிளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அரை மணித்தியாலம் போனது. ஒரு காகம் வந்து இறங்கித் தலை முழுகியது.

"பிரவீணன்! எங்கடை வாய்க்காலுக்கு இன்னொரு பவுசர் ஊத்தும், அதுக்குத் தாகம் அடங்கேல்லையாம்!" என்று கத்தினார் தம்பிராசா. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஆழ்வாப்பிள்ளை திரும்பினார். வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார், இனி முடிந்தது கதை என்று நினைத்தேன். பிரசாந்தி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மனுசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் அலவாங்குக் கடப்பாரையோடு திரும்பி வந்தார்.

"தள்ளுங்கோ எல்லாரும்!"

முதல் குத்தே பெயர்க் கல்லில் விழுந்தது. அறுபத்தாறு வயது மனுசன், வியர்க்க வியர்க்கக் குத்தினார். பிறகு எல்லாரும் இறங்கினோம். பின்னேரம் மாபிள் துண்டு ஒன்றும் மிச்சமில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு றொசாந்தியிடம் கேட்டார்:

"பிள்ளை, தம்பிராசாவின்ரை கிடங்கு எத்தினை அடி?"

"ஆறடி ஐயா."

"நான் எட்டு வெட்டட்டோ?"

"அவ்வளவு ஆழம் கூடாது ஐயா, கீழை நல்ல தண்ணி கிடக்கு. வேணுமெண்டால் ஆறரை வெட்டலாம்."

"அது போதும், காணும்!" என்றார். முகம் தேர் இழுத்த முகம்தான்.

இரவோடிரவாக ஒன்பதாந் துண்டுக்குக் கிடங்கும் கல்லும் புல்லும் திரும்ப வந்தன. நிதிக்காரர் வந்தார்கள், குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார்கள், கையெழுத்து வைத்தார்கள். ஐப்பசி முடிவதற்குள் குளத்தடி வாயும் திறந்தது. பிறகு எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை வரவேண்டும் என்று ஏங்கிய கார்த்திகை எங்கள் ஒழுங்கைக்கு அதுதான் முதற்தடவை. ஆனால் பிரசாந்தி மட்டும் கதை குறைந்து போனாள். மோட்டர் ஓடும்போதும் காது வெளியில்தான்.

வந்தது. மூன்று நாள், விடாமல், வாளியால் ஊற்றியது போல. மூன்றாம் நாள் விடிய நான் எழும்பி இரண்டு கொத்து அரிசியை ஊறப்போட்டேன். இதில் என்ன இருக்கிறது என்று வெளியூரார் கேட்கலாம். மாரி மழைக்குள் எங்கள் ஒழுங்கையில் ஒருத்தியும் மாவுக்கு அரிசி ஊறப்போட மாட்டாள். மில் தண்ணீருக்குள் நிற்கும். ஊறிய அரிசி புளித்துக் கோழிக்குத்தான் போகும். மில்லடி எப்படி இருக்கிறதென்று நான் போய்ப் பார்க்கவும் இல்லை. பார்த்துவிட்டு ஊறப்போடுவதானால் யாரும் போடலாமே!

பத்து மணிக்கு அரிசியை வடித்து, சட்டியைப் பொலித்தீனால் மூடி, குடையோடு இறங்கினேன். ஒழுங்கை நெடுகிலும் ஆண்கள் குடை பிடித்துத் தங்கள் தங்கள் திருவிழாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தாந் திருவிழா குடித்துக்கொண்டிருந்தது; எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. மில்லடியில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு வாய்க்காலுக்குள்ளேயே குளத்தைப் பார்த்து ஓடியது. மில்லுக்குள் நிலம் காய்ந்து கிடந்தது.

நான்தான் முதல் ஆள் என்று நினைத்துக் காலை வைத்தேன். உள்ளே எனக்கு முன்னமே ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேர் கையிலும் சட்டி. ஏழு சட்டியிலும் ஊறிய அரிசி.

பிரசாந்தி எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"மில் திறப்பன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

நாங்கள் எட்டுப் பேரும் சட்டியை முன்னால் நீட்டினோம். அவளுடைய வாய் கோணியது, பிறகு சின்னப் பிள்ளை மாதிரிச் சத்தமாக அழத் தொடங்கினாள். எனக்கும் தாங்கவில்லை. தம்பிராசாவின் மனுசிதான் கடைசியில் மூக்கைச் சீறிக்கொண்டு அதட்டினாள்:

"அழுதது காணும் பிள்ளை. அரிசி புளிக்கப்போகுது, சுவிச்சைப் போடும்!"